மரியபுஷ்பத்துக்கும் பாசிட்டிவ்

ஊசி குத்தி ரத்தம் எடுப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதில் பாதியை லேப் டெக்னீஷியன் படிப்பிலேயே தெரிந்துகொண்டிருப்பீர்கள். மீதியை, எவ்வளவு தட்டினாலும் நரம்பு காட்டாத கைகள் உங்களுக்குச் சொல்லித்தரும். மெஷின்களைப் பற்றியும் பேச மாட்டேன். நான் பழகிய மெஷின்களெல்லாம் இப்போது பழைய இரும்புக்குப் போயிருக்கும், நீங்கள் ஓய்வு பெறுவதற்குள் உங்களுடையதும் போகும். எந்தக் காலத்திலும் போகாத ஒரு சாமான் லேபில் உண்டு. அதுதான் கவுண்டர். அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பார், இந்தப் பக்கம் நீங்கள் நிற்பீர்கள், நடுவில் ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை நீட்டுவதற்கு முன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள் பிள்ளைகளா.

நான் வேலை பார்த்தது நாகர்கோவிலில் ஒரு சின்ன லேப். என் பெயர் அங்கே வந்த நோயாளிகளில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என்றால் அவர்களுக்கு எல்லாரும் சிஸ்டர்தான். நானும் எத்தனையோ பேரிடம் நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி சிஸ்டர்" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் 'பாசிட்டிவ்' என்ற வார்த்தைக்கு அகராதியில் இருக்கும் அர்த்தம் கிடையாது. இங்கே கல்ஃபுக்கு ஆள் போகாத வீடு அபூர்வம். போகிற ஒவ்வொருவனும் மெடிக்கல் எடுக்க வேண்டும். ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நெகட்டிவ் என்று வந்தால் ஃபிட், டிக்கெட் போடலாம். எதிலாவது பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் அன்ஃபிட், விசா போச்சு, தங்கச்சி கல்யாணமும் தள்ளிப் போச்சு. அதனால் பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத கிழவிக்கும் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை நன்றாகத் தெரியும். அந்த வார்த்தை காகிதத்தில் இருந்தால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது.

இது போதாது என்று எங்கள் லேபில் ஒரு பழக்கம் வேறு. பாசிட்டிவ் என்று வந்தால் தடித்த எழுத்தில் அடிப்போம், அதன் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடும் இழுப்போம். டாக்டர்களின் கண்ணில் சட்டென்று பட வேண்டும் என்பதற்காக யாரோ ஆரம்பித்தது. எந்தப் பரிசோதனை, எந்தக் கிருமி என்றெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே கோடு. கோடு இழுத்துக்கொண்டிருந்தவள் நான்தான், நன்றாக ஸ்கேல் வைத்து நேராக இழுப்பேன்.

லேபின் சொந்தக்காரர் ஒரு டாக்டரம்மா, நோய்க்குறியியல் படித்தவர். அவரிடம் எனக்கு இருந்த பயத்தில் கொஞ்சத்தை உங்களுக்குப் பங்கு வைத்துத் தந்தால் நீங்களும் நன்றாக வேலை பார்ப்பீர்கள். அவர் எங்களுக்கு விதித்திருந்த முதல் விதி, டெக்னீஷியன் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்லக் கூடாது என்பது. "உனக்குத் தெரியலைங்கிறதுக்காக இல்ல. நீ சொல்றதை அவங்க பாதியிலயே விட்டுட்டு ஓடிடுவாங்க. டாக்டர் சொன்னா முழுசாக் கேட்டுட்டு ஓடுவாங்க," என்பார். அந்த விதி சரியானது. நீங்களும் அதை மீறாதீர்கள். நான் சொல்லப் போவதும் அதை மீறிய கதை இல்லை.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஒரு ஆடி மாதம். ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் காற்று லேபின் ஷட்டரை நாள் முழுக்க ஆட்டிக்கொண்டிருக்கும். மலையோரமெல்லாம் காற்றாடி நட்டு மின்சாரம் எடுக்கும் மாவட்டம், ஆனால் தினமும் கரண்ட் கட். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அரை நாள் வேலை. டாக்டரம்மா ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திற்பரப்பு அருவிக்குப் போயிருந்தார். வருஷத்தில் ஒருநாள் அவர் எடுக்கும் லீவு அது.

ஷட்டரைத் திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் வந்து நின்றான். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், கல்ஃப் சென்ட் வாசனை. ஜெறின் என்று பெயர் சொன்னான்.

"சிஸ்டர், எனக்க வைஃபுக்க ரிப்போர்ட்டுக்கு ஒரு டூப்ளிகேட் வேணும். கொஞ்சம் வேகம் தரணும், வண்டி நிக்கு."

அவன் பின்னால் பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருத்தி அவன் அம்மா, மரியபுஷ்பம். கடற்கரைக் கிராமம், படகு வந்ததும் மீனை மொத்தமாக ஏலம் எடுத்துச் சந்தைக்கு அனுப்பும் வியாபாரம். உட்கார்ந்திருந்த தோரணையிலேயே அது தெரியும், எங்கள் பெஞ்சையும் ஏலம் எடுத்தவள் மாதிரி இருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளி மருமகள் ஷைனி. முகத்தில் ஒன்றுமே இல்லை. காலடியில் ஒரு நீலப் பை. பையின் ஜிப் முழுதாக மூடாமல், உள்ளேயிருந்து ஃபிளாஸ்கின் மூடியும் ஒரு டவலும் வெளியே தெரிந்தன.

நான் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் தொற்றுப் பரிசோதனை. முன்பு ஒரு கர்ப்பம் கலைந்திருந்ததால் அவளுடைய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். சைட்டோமெகலோ வைரஸ், நாம் சி.எம்.வி. என்று சொல்வோமே அது: புதுத் தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். நெகட்டிவ், பழையதைக் காட்டும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். தடித்த எழுத்து. அடியில் என் கையால் இழுத்த சிவப்புக் கோடு.

உங்களுக்குத் தெரியும், அதில் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே அந்த வைரஸ் வந்துவிடும். ஒரு சளிக் காய்ச்சல்கூட இல்லாமல் வந்து, உடம்பின் ஒரு மூலையில் ஒடுங்கி, ஆயுசு முழுக்க அங்கேயே கிடக்கும். ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப்பொருளும் கூடவே கிடக்கும். எங்கள் லேபில் அந்தப் பரிசோதனை பார்த்தால் பாசிட்டிவ் வராத கை அபூர்வம். நானும் அசட்டையாக, பழைய ரிப்போர்ட் என்ன ஆச்சு தம்பி, தொலைந்துவிட்டதா என்று கேட்டேன்.

பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "தொலையல்ல மக்ளே. நாந்தான் அடுப்புல வச்சேன். அந்தக் காயிதம் எனக்க வீட்டுல கெடக்கப்பிடாது."

எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பதிலில் கிடைத்துவிட்டது. அந்தப் பையை மறுபடி பார்த்தேன். வெறும் டூப்ளிகேட் வாங்க வருகிறவர்கள் ஃபிளாஸ்கும் டவலும் கட்டிக்கொண்டு வர மாட்டார்கள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ஜெறின் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். ஷைனியின் டாக்டர், தன் மகனின் காலேஜ் அட்மிஷனுக்காகச் சென்னை போயிருக்கிறார், வர ஒரு வாரம் ஆகும். ஜெறினின் லீவு அதற்கு முன்பே முடிகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவன் போனில், இந்த வைரஸ் பாசிட்டிவ் என்றால் பிள்ளைக்குக் காது கேட்காது, கண் தெரியாது என்று சொல்லியிருக்கிறான். அதனால் வேறு ஊரில் ஒரு நர்ஸிங் ஹோமில் சொந்தக்காரர் மூலம் பேசியாயிற்று. ரிப்போர்ட்டைக் காட்டினால் இன்றைக்கே கலைத்துவிடுவார்கள்.

அவன் 'கலைத்துவிடுவார்கள்' என்றபோது மரியபுஷ்பம் கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷைனி தன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருக்கிறீர்கள். கையில் காகிதம். கேட்கிறவனுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. விளக்கம் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. சொன்னாலும் மூன்று வாக்கியத்துக்குமேல் அவன் கேட்க மாட்டான், வண்டி நிற்கிறது. அந்தச் சிவப்புக் கோடு என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது.

எங்கள் லேபில் இன்னொரு விதியும் இருந்தது. டூப்ளிகேட் கொடுத்தால் அதில் டாக்டரம்மா புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியை அதுவரை நான் ஒருநாளும் கடைப்பிடித்தது கிடையாது, ஸ்டாம்ப் அடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அன்றைக்கு அந்த விதி எனக்கு வேதவாக்கு ஆகிவிட்டது. டாக்டரம்மா கையெழுத்து இல்லாமல் தந்தால் என் வேலை போய்விடும் தம்பி, இதோ கூப்பிடுகிறேன், வந்துகொண்டே இருக்கிறார் என்று முகத்தை இரும்பு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன். கவுண்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து பில் போடும் பிந்து என்னை அதிசயமாகப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் காலால் ஒரு மிதி மிதித்தேன்.

டாக்டரம்மாவின் போனை டிரைவர் எடுத்தார். அம்மா அருவிக்குள் நிற்கிறார் என்றார். இறங்கிப் போய்க் கூப்பிடுங்கள், ஒரு உயிர் விஷயம் என்றேன். ஷைனிக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவளை உள்ளே கூட்டிப்போனேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அதுவரை அவளிடம் யாருமே அதைக் கேட்கவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"எனக்குப் பிள்ள வேணும் சிஸ்டர். ஆருட்ட செல்லணும்னு தெரியல்ல."

டாக்டரம்மா வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஜெறினைப் பிடித்து வைத்தது என் வாழ்நாள் சாதனை. ரசவடை வாங்கிக் கொடுத்தேன். கல்ஃபில் என்ன வெயில் என்று கேட்டேன். அவன் வண்டிக்காரனுக்கும் டீ வாங்கிக் கொடுத்து அவனை என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன். டாக்டரம்மா உள்ளே வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, அருவியில் குளிக்கத் தேய்த்த எண்ணெய் காதோரம் மின்னியது. அந்தக் கோலத்தில் நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. சிரிக்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவர் முதலில் செய்தது, சென்னையிலிருந்த ஷைனியின் டாக்டரைப் போனில் பிடித்தது. அந்த அம்மா அங்கிருந்து அலறியது எங்களுக்கே கேட்டது, யார் சொன்னார்கள் கலைக்கச் சொல்லி, நான் வருகிறவரை ஒருத்தரும் அவளைத் தொடக் கூடாது என்று. பிறகு டாக்டரம்மா அவர்கள் மூவரையும் உட்காரவைத்து, புதிதாக வந்த தொற்று என்றால் எது பாசிட்டிவ் ஆகும், பழையது என்றால் எது ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். மரியபுஷ்பத்திடம் அவள் வியாபார பாஷையிலேயே பேசினார்.

"சந்தையில ஒருத்தன் ஒரு தடவை உங்களை ஏமாத்திட்டான்னு வைங்க. அவன் முகம் மறக்குமா?"

"குழிக்குப் போனாலும் மறக்காது."

"ரத்தமும் அப்படித்தான்மா. சின்னதுல என்னைக்கோ வந்தவன் முகத்தை அது ஞாபகம் வச்சிருக்கு. அவன் இன்னும் சந்தையில ஒரு மூலையில உக்காந்திருக்கான், ஆனா ரத்தம் பாத்துக்கிட்டே இருக்கறதால வாயைத் திறக்க மாட்டான். அந்த ஞாபகத்துக்குப் பேருதான் இந்தப் பாசிட்டிவ்."

மரியபுஷ்பம் யோசித்தாள். ஜெறின் யோசிக்கவில்லை. முதல்முறை மெடிக்கலில் எக்ஸ்ரேயில் ஏதோ பழைய தழும்பைக் காட்டி அவனை அன்ஃபிட் ஆக்கியிருக்கிறார்கள். ஏஜென்ட் பின்னால் அலைந்து, மறுபடி மறுபடி எடுத்து, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகிப் போய்ச் சேர்ந்திருக்கிறான். "ஒரு பாசிட்டிவ் வந்து எனக்க ரெண்டு வருசம் போச்சு டாக்டர். எனக்க பிள்ள பொறக்கும்பளே அன்ஃபிட்டா பொறக்காண்டாம்," என்றான். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதுவரை எனக்கு அவன்மேல் கோபமாக இருந்தது. அந்த நிமிஷம் பாவமாகிவிட்டது. பயந்தவனிடம் விளக்கம் ஏறாது, பிள்ளைகளா. அவன் காதில் ஒரே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

டாக்டரம்மாவுக்கும் அது புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து, சேலைத் தலைப்பை ஒதுக்கி, கையை மேஜைமேல் நீட்டினார். என் ரத்தத்தை எடு என்றார் என்னிடம். பரிசோதனை கிட்டில் மீதி இருந்த குழிப்பட்டை அந்த மாதத்தோடு காலாவதி ஆகப் போகிறது, ஷைனியின் ரத்தத்தோடு லேபில் இருக்கிறவர்கள் ரத்தத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், தம்பியும் தரட்டும் என்றார்.

அப்போதுதான் மரியபுஷ்பம் எழுந்தாள். மருமகளின் ரத்தத்தோடு தன் ரத்தத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் அவள் கண்ணில் பளிச்சென்று தெரிந்தது. வளையலை மேலே தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்க ரத்தத்தயும் எடு மக்ளே. கடக்காத்து குடிச்சு வளந்த ஒடம்பு. ஒரு தீனமும் காணாது."

அவள், ஜெறின், ஷைனி, டாக்டரம்மா, நான், எங்கள் பெருக்குகிற அக்கா, எல்லாருக்கும் எடுத்தேன். பிந்து மட்டும் தயங்கினாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயதான அப்பா அம்மாவுக்கு ஒரே பெண். வெந்நீர் தவிர எதுவும் குடிக்க மாட்டாள், அதுவும் வீட்டிலிருந்து கொண்டுவரும் தன் தம்ளரில்தான். மதியம் நாங்கள் எல்லாரும் ஒருத்தர் தட்டில் ஒருத்தர் கை வைத்துச் சாப்பிடும்போது அவள் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவாள். நாங்கள் பண்ணாத கிண்டல் இல்லை. டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்ததும் கையை நீட்டினாள்.

நடுவில் என்ன செய்தேன் என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. கடைசித் துளி, நிறத்தை நிறுத்துகிற ஆசிட், அதையும் விட்டேன். தட்டை எடுத்து, நிறத்தை அளக்கும் ரீடரில் வைக்கத் திரும்பினேன், கரண்ட் போயிற்று.

இன்வெர்ட்டரில் இன்குபேட்டர் ஓடும், ஃபேன் ஓடும். ரீடரை அதில் கொடுக்கவில்லை. ஆசிட் விட்டபின் கொஞ்ச நேரத்துக்குள் படித்தாக வேண்டும், தாமதமானால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இன்னொரு தட்டுப் போட கிட் இல்லை. வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டாக்டரம்மா வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கினார். மெஷின் எதுக்கு, கண் எதுக்கு இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போனார். வெள்ளைக் காகிதத்தைக் கீழே வைத்து அதன்மேல் தட்டை வைத்தார். அவர்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டார். நோயாளிகளை உள்ளே விடுவது எங்கள் லேபில் நடக்காத காரியம்.

ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் குழிகள் எத்தனை அழகாக இருந்தன என்று இப்போதும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. மஞ்சள் என்றால் பச்சை மஞ்சளை அரைத்துவிட்ட மாதிரி மஞ்சள். ஷைனியுடையது மஞ்சள். ஜெறினுடையது மஞ்சள். டாக்டரம்மாவுடையது, என்னுடையது, பெருக்குகிற அக்காவுடையது எல்லாம் மஞ்சள். அதிலும் எல்லாரையும்விடக் கெட்டியான மஞ்சள் யாருடையது தெரியுமா? கடற்காற்று குடித்து வளர்ந்தவளுடையது.

ஒவ்வொரு குழியாகத் தொட்டு யாருடையது என்று நான் சொல்லச் சொல்ல, மரியபுஷ்பம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். தன்னுடையது என்றதும் நிமிர்ந்தாள். நான் அவள் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தேன். வியாபாரி அல்லவா.

"எல்லாம் மஞ்சளாத்தான் வருமெண்ணா ஒங்க மருந்து கெட்டுப்போச்சு டாக்டரம்மா. ஐஸு போன மீனு கணக்கா."

அருமையான கேள்வி. நமக்குப் பரீட்சையில் வருகிற கேள்வி அது. அதற்குத்தானே நெகட்டிவ் என்று முன்பே தெரிந்த ஒரு சாம்பிளை, நெகட்டிவ் கன்ட்ரோலை, கூடவே வைக்கிறோம். தண்ணீர் போலத் தெளிவாக இருந்த அந்தக் குழியைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். "அது கம்பெனிக் குப்பியில உள்ளது. எனக்கு ஒரு மனுசன காட்டு. மஞ்சளாவாத மனுசன."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். பட்டையின் கடைசிக் குழி, தட்டு நகராமல் பிடித்திருந்த என் பெருவிரல் மறைத்திருந்த குழி. விரலை எடுத்தேன். அதில் நிறமே இல்லை. ஒரு துளி மஞ்சள்கூட இல்லை.

சாம்பிள் விடாமல் விட்டுவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது. அவசரத்தில் கடைசிக் குழியைத் தவறவிடுவது நம் தொழிலில் நடக்கிறதுதான். டாக்டரம்மா தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தடவை கேட்டார், விட்டாயா என்று. நான் கண்ணை மூடி என் கையை நினைத்துப் பார்த்தேன். பைப்பெட்டில் கடைசி டிப்பை மாட்டினது, குழியின் ஓரத்தில் தொட்டது, எல்லாம் வந்தது. விட்டேன் மேடம் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என் மன நிம்மதிக்காக அடுத்த கிட் வந்ததும் அந்த ரத்தத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன், அப்போதும் நெகட்டிவ்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஜன்னலில் இருந்தது என் வார்த்தையும் அவர் நம்பிக்கையும் மட்டும்தான்.

"இது யாருது?" என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாரும் திரும்பி, தன் தம்ளரைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்ற பிந்துவைப் பார்த்தோம்.

பிந்துவுக்கு ஒரே பெருமை. இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினீர்களே, பார்த்தீர்களா என்பது போல நின்றாள். டாக்டரம்மா அவளிடம் வேறு ஒன்று சொன்னார். இந்த வைரஸ் முக்கியமாக எச்சில் வழியாகத்தான் தொற்றும். சின்னக் குழந்தையில் ஒருத்தர் வாயிலிருந்து ஒருத்தர் வாய்க்கு வந்துவிடும், அப்போது வந்தால் ஒன்றும் செய்யாது. உடம்பு அதை முதல்முதலாகப் பார்ப்பது கர்ப்ப காலத்தில் என்றால்தான் பிள்ளையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும். அதனால் இந்த அறையில் நாளைக்குக் கவனமாக இருக்க வேண்டியவள் ஷைனி இல்லை, நீதான் என்றார். பிந்துவின் பெருமை அப்படியே இறங்கிவிட்டது.

மரியபுஷ்பம் அவள் அருகில் போனாள். மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். உண்மையான வருத்தத்தோடு கேட்டாள்.

"ஒனக்குச் சின்னதுல ஆரும் வாயில முத்தம் தரல்லியா மக்ளே?"

அவ்வளவுதான். முதலில் ஷைனி சிரித்தாள். காலையிலிருந்து ஒன்றுமே இல்லாத முகத்தில் சிரிப்பு வந்து அது அடங்கவே இல்லை. அப்புறம் நாங்கள் எல்லாரும், கடைசியில் பிந்துவும். டாக்டரம்மா ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஜெறின் மட்டும் தன் மஞ்சள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பம் நானும் பாசிட்டிவா டாக்டர்?"

"ஆமா தம்பி. இதை உள்ள வச்சுக்கிட்டுத்தான் நீங்க மெடிக்கல் பாஸ் ஆனீங்க."

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. பிள்ளைக்கு ஒன்றும் வராதுதானே என்று அப்படியே இருந்து கேட்டான். அதற்கு டாக்டரம்மா சொன்ன பதிலை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் வராது என்று யாராலும் எழுதித்தர முடியாது, ஆனால் இந்தக் காகிதத்தை வைத்து ஒரு பிள்ளையை இழக்க வேண்டாம் என்று நான் எழுதித் தருகிறேன் என்றார். எழுதியும் தந்தார். மரியபுஷ்பம் பெஞ்சடியில் இருந்த நீலப் பையைத் தானே தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிக்காரனிடம் வீட்டுக்கு விடச் சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமையே எங்கள் லேபில் சிவப்புக் கோடு ஒழிந்தது. சி.எம்.வி. போன்ற பரிசோதனைகளின் கீழே, இது பழைய தொற்றின் ஞாபகம், பெரும்பாலானவர்களுக்கு இருக்கும், உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று தமிழில் அடிக்க ஆரம்பித்தோம். எல்லாப் பாசிட்டிவும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எச்.ஐ.வி.க்கும் நாம் பார்ப்பது எதிர்ப்புப்பொருள்தான், அங்கே அந்த வார்த்தையின் கனம் வேறு. எந்தக் கிருமியின் பாசிட்டிவ், யாருடைய பாசிட்டிவ் என்பதை வைத்துத்தான் அந்த வார்த்தை பேசும். உங்களுக்கு அது தெரியும். எதிரே நிற்கிறவருக்குத் தெரியாது. காகிதத்தை நீட்டுவதற்கு முன் அவர் முகத்தைப் பாருங்கள், அவர் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அவர்கள் காலடியிலும் பாருங்கள். சரியில்லை என்று பட்டால் சொல்ல வேண்டியவர் வருகிறவரை அவர்களை விடாதீர்கள். ரசவடை ஒன்றும் பெரிய செலவு இல்லை.

அடுத்த வருஷம் வட்டக்கோட்டைக் கடலில் சுற்றுலாக் கூட்டம் குவிகிற விடுமுறைக் காலத்தில் ஒரு காலை, கவுண்டருக்கு முன்னால் மரியபுஷ்பத்தின் குரல். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பெண் குழந்தை. கொண்டுவந்த மீனின் வாசனை அவளுக்கு முன்பே வந்துவிட்டது. பேத்தியின் கன்னத்திலும் வாயிலும் மாறி மாறி முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஷட்டர் காற்றில் படாரென்று அடித்ததும் குழந்தை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. அது திரும்பிப் பார்த்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதற்குள் கல்யாணமாகியிருந்த பிந்துவிடம் மரியபுஷ்பம் குழந்தையைக் கொடுத்தாள். பிந்து டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, வாயைத் தொடாமல், அதன் உச்சந்தலையில் முத்தமிட்டாள்.

ஷைனி பின்னால் வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நடையில் ஒரு அவசரம். தோளில் அந்த நீலப் பை. எனக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, என் கண் அதிலேயே நின்றதை அவளும் கவனித்துவிட்டாள். பையை கவுண்டர்மேல் வைத்து ஜிப்பைத் திறந்து காட்டினாள். அதே ஃபிளாஸ்க். அதைச் சுற்றிலும் சின்னச் சின்னத் துணிகள், ஒரு கிலுகிலுப்பை.

"இப்பம் இதுல எனக்க சாமானம் ஒண்ணும் கெடையாது சிஸ்டர்," என்றாள். "எல்லாம் இவளுக்குத்தான்."